மச்சானின் கைகாட்டி

மச்சானுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லாத இடத்துக்கு எழுதுகிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்று காலையில் உங்கள் பொடி டப்பாவைத் திறந்து தும்மினேன்.

சின்னமனூர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஒத்தாசைக்கு வா என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பரணில் கிடந்த சாமான்களை முற்றத்தில் இறக்கி வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தவள், அந்தத் தகர டப்பாவை என் கையில் கொடுத்தாள். "ஏலே தம்பி, இது உங்க மச்சானோட டப்பா. உள்ள பொடி கெடந்தா யாருக்காச்சும் குடுத்துரு. இங்கன போடுறதுக்கு ஆளு இல்ல" என்றாள். மூடியைத் திறந்தேன். பொடி இல்லை, வாசனை மட்டும் இருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு பல்பு.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழல். இரண்டு முனையிலும் பித்தளைத் தொப்பி. ஒரு தொப்பியின் ஓரத்தில் காய்ந்து கறுத்துப்போன குங்குமம். எந்தப் பல்பு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழை அறுந்திருக்கவில்லை. நம் கைக்கு வந்த பல்புகளில் இன்றைக்கு ஆயுசோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

நீங்கள் பஸ் டிரைவராக இருந்தீர்கள்; பஸ்ஸின் முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றி என்ஜினைக் கிளப்பிய காலம் அது. ஒருநாள் அந்தக் கம்பி எதிர்ச்சுற்றுச் சுற்றி உங்களைத் தூக்கி எறிந்துவிட்டது. வலது தோள் இறங்கிப்போனது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், மறுபடியும் போட்டார்கள். கடைசியில் முழங்கைக்குக் கீழே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் தோள் பிடித்துக்கொண்டுவிட்டது. மேல்கை விலாவை விட்டு எழும்ப மறுத்தது. ஸ்டீயரிங்கின் கீழ்ப்பாதியைப் பிடிக்கலாம். தலையைக் குனிந்து பொடி போடலாம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இதோ திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருகிறவனுக்குக் காட்ட மட்டும் முடியாது. கை காட்ட முடியாத டிரைவருக்கு லைசன்ஸ் கிடையாது.

வீட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவீர்கள். அக்கா உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே பயந்தாள். "வேற எந்த வேலைக்குப் போனாலும் சரி, போனாப் போதும் தம்பி. மனுசன் இப்பிடியே இருந்தா செத்துப் போயிருவாக" என்று என் சைக்கிள் கடைக்கு வந்து அழுதாள். உங்களுக்கு வேறு வேலை தெரியாது. கற்றுக்கொள்ளவும் மனமில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகிறார், காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். நான் டயரைப் பார்த்தேன். நீங்கள் கதவுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த தூணைப் பார்த்தீர்கள். அதில் நீளமாக ஒரு பிளவு. ஸ்டீயரிங் நடுவிலிருந்த ஸ்விட்சைத் திருப்பியதும், பிளவுக்குள்ளிருந்து ஒரு சாண் நீளக் கை டக்கென்று எழும்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே பல்பு எரிந்து, கை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் ஒளிர்ந்தது. ஸ்விட்சை அணைத்தால் தொப்பென்று விழுந்து பழையபடி படுத்துக்கொண்டது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ளே, எனக்கு ரெண்டு கை மொளச்சிருச்சு" என்று சிரித்தீர்கள். தோள் போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டியை வாங்கினோம்; நம் இருவருக்கும் பொதுவானது. ஓட்டுவது நீங்கள். தேனியில் சவாரி பிடித்துக் கொடுப்பதும், கெட்டுப்போனதைச் சரி செய்வதும் நான். போடி ரயில் பாதையில் சிக்னல் கையைப் பார்த்த பழக்கத்தில் ஊர்க்காரர்கள் அந்தக் கையைக் கைகாட்டி என்றார்கள். வண்டிக்கே கைகாட்டி வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது.

மதுரையிலிருந்து வந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் உங்கள் தோளைப் பார்த்தார், பிறகு கைகாட்டியைப் பார்த்தார். கடுமையான மனிதர் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார். "இந்தக் கை வேலை செய்யுற வரைக்கும்தான் உமக்கு லைசன்ஸ். அடுத்த வருஷம் பார்க்கும்போது விளக்கு எரியலைன்னா, நான் ஒண்ணும் செய்ய முடியாது." அன்றிலிருந்து உங்கள் பிழைப்பு அந்தப் பல்பில்தான் இருந்தது. பிழைப்பு என்று சொல்வதுகூடக் குறைச்சல். அக்காவைக் கேட்டால் உயிர் என்றே சொல்வாள்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் மாட்டு வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தினீர்கள். "இந்தக் கை எந்திரிச்சா வண்டி இந்தப் பக்கம் திரும்பும், அந்தக் கை எந்திரிச்சா அந்தப் பக்கம். பாத்துக்கோங்க." தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் சாலையில் இருந்தவர்களுக்கெல்லாம் கைகாட்டி பழகிப்போனது.

எல்லாம் சரி. பல்புதான் நிற்கவில்லை.

போட்டு சில நாள் எரியும். பிறகு ஒரு சாயங்காலம் கை மட்டும் எழும்பி நிற்கும், உள்ளே இருட்டாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் இழை அறுந்து தொங்கும். முதலில் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு டைனமோ அளவுக்கு மேல் கொடுக்கிறது என்று நினைத்து அதைப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரி முனையைச் சுரண்டினேன், ஒயரை மாற்றினேன். எலக்ட்ரிக் வேலை தெரிந்த ஒருவர், கை விழும் இடத்தில் அதிர்ச்சி தாங்க ரப்பர் வைக்கச் சொன்னார். வைத்தேன். அக்கா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். எதற்கும் பல்பு அசையவில்லை. அது பாட்டுக்கு அறுந்துகொண்டே இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலை, இரண்டு பக்கமும் மலை காவல் நிற்க, நடுவே நேராகப் போகிற சாலை. திரும்புவதற்கு எத்தனை இடம் இருக்கிறது? கை எழும்புவதே அபூர்வமாக இருக்கும்போது பல்பு ஏன் போகிறது? உங்களைக் கேட்டால், "ரோடு மோசம் மாப்ளே, குலுங்குதுல்ல" என்று பொடியை எடுத்துவிடுவீர்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த நாளில் கைகாட்டி தேவைக்கு மேல் எழும்பியதே இல்லை. அதனால் நானும் ரோட்டையே திட்டிக்கொண்டிருந்தேன்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, டயருக்குப் பஞ்சம் வந்தது. போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். இந்தப் பல்பை யார் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள்? மதுரைக் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். கைக்கு ஒன்றாக, எரிந்துகொண்டிருந்த இரண்டு பல்புதான் மிச்சம். இன்ஸ்பெக்டர் வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வீரபாண்டியில் அது நடந்தது. தேங்காய் வியாபாரி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து, நீங்கள் கம்பத்திலிருந்து திரும்பி வரும்போது ஏறிக்கொள்ளலாம் என்று புளியமரத்தடியில் நின்றேன். நான் அங்கே நிற்பது உங்களுக்குத் தெரியாது. நல்ல பகல். தூரத்தில் நம் வண்டி வருவது தெரிந்தது. கொஞ்சம் கிட்டே வந்ததும் இடது கைகாட்டி எழும்பியது. கோவிலுக்குப் போகிற பாதை அந்தப் பக்கம்தான். யாரோ சாமி கும்பிடப் போகிறார்கள் போலிருக்கிறது, வண்டி கோவிலுக்குத் திரும்பப் போகிறது என்று நினைத்தேன். எதிர்ச்சந்தில் வைக்கோல் வண்டியை நிறுத்திக் காத்திருந்தவரும் அப்படித்தான் நினைத்தார். மாட்டைத் தட்டிச் சாலையைக் கடக்க விட்டார்.

நீங்கள் திரும்பவில்லை. கையை நீட்டிக்கொண்டே நேராக வந்தீர்கள்.

பிரேக் போட்ட சத்தத்தில் கோவில் புறாக்கள் கலைந்து பறந்தன. மாடு ஒன்று மிரண்டு முன்னங்கால் மடங்கி விழுந்தது. வைக்கோல் சரிந்து நம் வண்டியின் மூக்கை மூடியது. யாருக்கும் அடி இல்லை. மாடும் எழுந்து நின்றுவிட்டது. வண்டிக்காரர்தான் கீழே குதித்து ஓடி வந்தார். "என்னய்யா இது! கைய நீட்டிக்கிட்டு நேரா வாரீக? கை எந்திரிச்சா திரும்பும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக? ஒங்கள நம்பித்தான மாட்ட எறக்குனேன்!"

நீங்கள் ஸ்விட்சை அணைத்தீர்கள். கை தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் பல்பும் போய்விட்டது. அதைப் பிறகுதான் பார்த்தோம்.

சவாரிக்கு வந்தவர்களைத் தேனியில் இறக்கிவிட்டு, என் கடை வாசலில் நின்று கேட்டேன். "எதுக்கு மச்சான் கையப் போட்டீக?"

வண்டி மூக்கில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னீர்கள். "ஆத்தாளுக்கு."

"எந்த ஆத்தாளுக்கு?"

"வீரபாண்டி ஆத்தாளுக்குத்தான். கும்பிடாம எப்பிடி மாப்ளே தாண்டிப் போறது?"

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வீரபாண்டி மட்டும் இல்லை. சின்னமனூர்ச் சிவன், உத்தமபாளையத்துச் சிவன், பாதையோரத்துக் கருப்பசாமிகள் அத்தனை பேர், சுருளி மலை தெரிகிற முக்கு. உத்தமபாளையத்துப் பள்ளிவாசலைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை. சாமி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கை எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சூட்டோடு தொப்பென்று விழுந்திருக்கிறது. சூடான இழை அத்தனை அடியைத் தாங்குமா? நான் டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஊர்ச் சாமிகளுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்!

"மத்த டிரைவருமாருகளும் கோவில் வந்தா கும்பிடத்தான செய்யிறாக? நெஞ்சுல ஒரு கைய வச்சுட்டுப் போறாக" என்றேன்.

"நெஞ்சுக்கு நேரா வைக்கிறது மனுசருக்கு. சாமிக்குத் தலைக்கு மேல போகணும். அப்பிடித்தான நம்மள வளத்துவிட்டிருக்காக? என் கை போகாது. இந்தக் கையாச்சும் வெளக்கோட எந்திரிக்குதேன்னு..." என்றீர்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒங்க கும்பிட்டத் திருப்பம்னு நெனச்சுத்தான அந்த மனுசன் மாட்ட எறக்குனாரு? அங்கன ஒரு புள்ள நின்னுருந்தா? இருந்த பல்பும் போச்சு. லைசன்ஸ் போச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கத்தியது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் பொடி டப்பாவைத் திறந்தீர்கள், போடாமலே மூடினீர்கள்.

பல்புக்கு அலைந்தேன். மதுரைக்கு மறுபடியும் போய்விட்டு வெறுங்கையோடு வந்தேன். கடைசியில் குமுளி வழியாக மிளகு ஏற்றி வரும் மலையாள லாரி டிரைவர் ஒருவர், அவர் ஊரில் ஓடாமல் நின்றுபோன ஒரு காரிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். "ஒந்நே உள்ளு, கேட்டோ" என்று மூன்று விரலால் பூப்போலப் பிடித்துக் கொடுத்தார். ஒன்றுதான் இருக்கிறது என்பதை அவர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்!

இன்ஸ்பெக்டர் தேனிக்கு வருகிற அன்று காலையில் சின்னமனூர் வந்து என் கையாலேயே மாட்டினேன். மாட்டுவதற்கு முன்னால் அக்கா குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். முனையில் வைத்தால் கரண்ட் போகாது, ஓரத்தில் வை என்றேன். வைத்தாள். ஸ்விட்சை ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். எரிந்தது. "போதும், அணைங்க, அணைங்க" என்று பதறினாள்.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழியில் ஒரு கருப்பசாமி வந்தார். உங்கள் இடது கை ஸ்விட்ச் பக்கம் போயிற்று, தொடாமல் திரும்பி வந்தது. அடுத்தவர் வந்தார். மறுபடியும் போயிற்று, திரும்பியது. நான் பார்க்காததுபோல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரபாண்டி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட்டீர்கள். நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "எறங்கிக் கும்பிட்டுட்டு வந்துர்றேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

கோபுரத்தைப் பார்த்து நின்று இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினீர்கள். வலது கையையும் தூக்கப் பார்த்தீர்கள். தோள் துடித்தது. கை விலாவை விட்டு எழும்பவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஒற்றைக் கையால் சாமி கும்பிடுவது நம்மில் மரியாதையில்லை. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலமும் நீங்கள் எந்தக் கோவில் வாசலிலும் இறங்கவில்லை, வண்டிக்குள்ளிருந்தபடியே அந்த ஒரு சாண் கையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்பது முன் சீட்டிலிருந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது மச்சான். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

இறங்கி வந்து உங்கள் வலது தோளுக்குப் பின்னால் நின்றேன். என் வலது கையைத் தூக்கி உங்கள் இடது கையோடு சேர்த்தேன். நான் உங்களைவிடக் குள்ளம். எக்கி நிற்க வேண்டியிருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் உள்ளங்கை வியர்த்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னுங் கொஞ்சம் மேல, மாப்ளே" என்றீர்கள். இன்னும் எக்கினேன்.

பூக்காரம்மா சிரித்தாரா இல்லையா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

தேனியில் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டச் சொல்லி, இடது பக்கம் திரும்பச் சொன்னார். கை எழும்பியது, எரிந்தது. வலது பக்கம் திரும்பச் சொன்னார். அதுவும் எரிந்தது. வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். ஊரைக் கூட்டிச் சொல்லும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு பல்பு போகவே இல்லை. ரப்பர் வைக்கச் சொன்னவர், எல்லாம் தன் ரப்பரால்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாம் மறுக்கவில்லை. வண்டி ஒவ்வொரு சவாரியிலும் வீரபாண்டியில் நின்றது. நான் இல்லாத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று உங்களை நான் கேட்டதில்லை. சவாரி போனவர்கள்தான் என் கடையில் வந்து சொல்வார்கள். "ஒங்க மச்சான் எங்கள எறங்கச் சொல்லி, அண்ணே ஒரு கை குடுங்கன்னாக, குடுத்தோம்." ஏலக்காய் வியாபாரி கொடுத்திருக்கிறார். சின்னமனூர் வெற்றிலைக்காரர் கொடுத்திருக்கிறார். அந்த வைக்கோல் வண்டிக்காரரே ஒருநாள் மாட்டை ஓரமாகக் கட்டிவிட்டு வந்து கொடுத்தாராம். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், "கைதான கேக்குறாரு, தோளா கேக்குறாரு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

யுத்தம் முடிந்து பல்பு தாராளமாக வந்தபோது இதைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. இன்று பொடி நாற்றத்தோடுதான் தெரிய வந்தது.

நீங்கள் காய்ச்சலில் போய்விட்ட பிறகு வண்டியைப் போடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். கைகாட்டியை அவர் தொடுவதில்லை.

டப்பாவை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். பல்பைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள். பஞ்சை மூடிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். அது எரிகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தேனிக்குத் திரும்பும்போது பஸ் வீரபாண்டியில் நின்றது. வழக்கம்போல இறங்கினேன். கோபுரத்தைப் பார்த்து நின்றால் என் வலது கை முதலில் மேலே போகிறது மச்சான். எக்கித்தான் நிற்கிறேன். இடது கையை உடனே சேர்ப்பதில்லை. கண்டக்டர் விசில் ஊதும் வரைக்கும், அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.